காலம் ஓட்டினவன் சொல்லுதேன்

"கைலாசத்துக்குப் போறேன், நாளைக்கு வண்டி"ன்னு டீக்கடையில சொன்னேன். பெஞ்சுல இருந்த நாலு கிழடுகளும் டம்ளரைக் கீழ வச்சுட்டு என் மூஞ்சியவே பாத்துதுக. ஒருத்தன் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைக்கவே ஆரம்பிச்சுட்டான். பொறவுதான் விவரம் சொன்னேன். டெல்லி ஐஐடியில ஹாஸ்டலுக்கெல்லாம் மலைப் பேரு வச்சிருக்காக. பயலுகளுக்கு நீலகிரி, ஆரவல்லி, காரகோரம். பொம்பளப் பிள்ளைகளுக்குக் கைலாஷ், ஹிமாத்ரி. எம் பேத்தி இருக்கது கைலாஷ்ல. எனக்கு வாசல் வரைக்கும்தான் அனுமதி. நிசக் கைலாசத்துலயும் நமக்கு அந்த மட்டுந்தான் கிடைக்கும்னு நினைக்கேன்.

திருக்குறள் எக்ஸ்பிரஸ்ல ஏறி நிஜாமுதீன்ல இறங்கினேன். ஜனவரி மாசம். எம் பல்லு ரெண்டு வரிசையும் தனியா ஒரு ரயில் ஓட்டிக்கிட்டு இருந்துச்சு. பேத்திக்குன்னு கொண்டு போன தேங்காய் எண்ணெய் பாட்டில்ல மெழுகாக் கட்டிப் போச்சு. நல்லெண்ணெய் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்டுச்சு. அந்த நல்லெண்ணெயை மறந்துராதீக, பின்னால வேலை இருக்கு.

அவ கெமிக்கல் இன்ஜினியரிங் படிக்கா. ஐஐடிக்கு எதுத்தாப்புல எஸ்.டி.ஏ. மார்க்கெட்ல ஒரு டீயை வாங்கிக் கையில குடுத்துட்டு லேப்டாப்பைத் திறந்தா. "தாத்தா, இதுதான் எங்க டிசைன் ப்ராஜெக்ட். லிக்விட்-லிக்விட் எக்ஸ்ட்ராக்‌ஷன் காலம்." சொல்லிட்டு, கிழவனுக்குப் புரியணுமேன்னு கையை மேலயும் கீழயும் ஆட்டிக் காட்டுதா. ஏட்டி, முப்பத்தோரு வருசம் வடசென்னைப் பக்கம் ஒரு எண்ணெய்க் கம்பெனியில காலம் ஓட்டினவன் நான். ரெண்டு அர்த்தத்துலயும்.

கேக்குற உங்களுக்காகச் சொல்லுதேன். கச்சா எண்ணெயைக் காச்சிப் பிரிச்சா மசகு எண்ணெய் வரும். ஆனா அதுக்குள்ள ஆகாத சரக்கும் ஒட்டிக்கிட்டு வரும். அதை உருவ ஃபர்ஃபுரால்னு ஒரு கரைப்பான். சோளச் சக்கையில இருந்து எடுக்க முடியும், வறுத்த பாதாம் வாசம் அடிக்கும். கனமானது, அதனால மேல இருந்து விடுவோம். எண்ணெய் லேசு, கீழ இருந்து விடுவோம். காலம்னு சொல்லுற உசந்த குழாய்க்குள்ள ரெண்டும் எதிரும் புதிருமா உரசிக்கிட்டுப் போகும், நடுவுல தட்டுத் தட்டா ஒரு ரோட்டர் ஒண்ணைத் துளியா உடைச்சுச் சுத்திக்கிட்டே இருக்கும். அதைப் பாத்துக்கிட்டு நான் உக்காந்திருப்பேன். இம்புட்டுத்தான் என் உத்தியோகம்.

பேத்தியோட கணக்கு வேற. ஃபேக்டரிக் கழிவுத் தண்ணியில 10 சதம் அசிட்டிக் அமிலம், நம்ம வினிகர்ல இருக்கதுதான். அதை எத்தில் அசிடேட்டை விட்டு வெளிய எடுக்கணும். நகச்சாயம் அழிக்க அவ ஊத்துறதுல அடிக்குமே ஒரு வாசம், அதேதான்.

"காச்சி எடுத்தா என்ன?"ன்னு கேட்டேன், தெரிஞ்சுக்கிட்டேதான்.

"தண்ணி 100 டிகிரியில கொதிக்கும் தாத்தா, அமிலம் 118-ல. முதல்ல எழும்புறது தண்ணிதான். பத்துப் பங்கு அமிலத்துக்காகத் தொண்ணூறு பங்குத் தண்ணியை ஆவியாக்கணும். எரிபொருள் செலவு கட்டுமா?"

கட்டாதுதான். கல்யாண வீட்டுல ஒரு ஆளைத் தனியாக் கூப்பிடணும்னா பந்தலையே காலி பண்ணுவோமா? அவனுக்குப் பிடிச்ச மச்சானா ஒருத்தனை உள்ள அனுப்பி, "வாடே, வெத்தலை போட்டுட்டு வருவோம்"னு கூட்டியாரச் சொல்லுவோம். அந்த மச்சான்தான் கரைப்பான். ஆனா மச்சானைப் பொறுக்குறதுலதான் சூட்சுமமே இருக்கு. எத்தில் அசிடேட் நூறு மில்லி தண்ணிக்கு எட்டு கிராம் போல கரைஞ்சு போற சரக்கு. கூட்டியார அனுப்பின மச்சான்ல ஒரு பங்கு பந்தியிலயே உக்காந்து இலை போட்டுருதான். போதாக்குறைக்கு இந்த அமிலம் இருக்கே, அது நடுவுல நிக்க நிக்க தண்ணியும் கரைப்பானும் இன்னும் நெருக்கமாயிரும். ஒரு அளவுக்கு மேல போனா ரெண்டும் ஒண்ணாவே கலந்துரும், பிரிக்க ஏதும் இருக்காது. சண்டையில இருந்த ரெண்டு சம்பந்திகளை ராசியாக்கி வச்ச புண்ணியவான் மாதிரி.

"கீழ இறங்குற தண்ணியில போற மச்சானை எங்க பிடிப்ப?"ன்னேன். படத்தை இந்தப் பக்கம் நகத்துதா, அந்தப் பக்கம் நகத்துதா. அங்க ஒண்ணும் இல்லை. அந்தத் தண்ணியைக் கொஞ்சம் சூடு பண்ணிக் கரைப்பானைத் திருப்பி எடுக்க இன்னொரு சின்னக் காலம் வேணும்லா? அது இல்லாம போனா உன் கம்பெனி மாசா மாசம் கரைப்பான் வாங்கியே கோவணத்தோட நிக்கும். பேர் சராய்ல பழைய புஸ்தகக் கடையில வாங்கின ட்ரேபால் எழுதின பாடப் புஸ்தகம் தலகாணி கனத்துக்குப் பையில கிடக்கு. சுமந்த நேரத்துல ஒரு வாட்டி பிரிச்சுப் பாத்திருக்கலாம்.

சரி, கணக்கு எப்படிப் போட்டிருக்கான்னு பாத்தேன். அது சுத்தமாத்தான் இருந்துச்சு. எதிரோட்டம் ஏன் வைக்கோம்னு கேட்டா ஃபார்முலா சொல்லுதா. எனக்கு அதைச் சொல்லிக் குடுத்தது ஃபார்முலா இல்லை, எங்க தெருவுல குழாயடியில துணி அலசுன பொம்பளைக. தண்ணி வராத ஊருல அலசத் தெரிஞ்சவளுக்குத்தான் இந்தப் பாடம் வரும். பிழிஞ்ச துணியில ஒரு செம்பு அழுக்குத் தண்ணி நிக்குதுன்னு வச்சுக்கோ. அலச உனக்குக் கிடைச்சது ரெண்டு செம்பு நல்ல தண்ணி. மொத்தமா ஊத்திப் பிழிஞ்சா நூத்துக்கு 33 பங்கு அழுக்கு துணியில நிக்கும். ஒவ்வொரு செம்பா ரெண்டு வாட்டி அலசினா 25. மூணு வாட்டியாப் பிரிச்சா 22. சொட்டுச் சொட்டா ஆயிரம் வாட்டி அலசினாக்கூட 13-க்குக் கீழ வராது. ஆனா மூணு வாளியை வரிசையா வச்சு, நல்ல தண்ணியைக் கடைசி வாளிக்கு மட்டும் ஊத்தி, அந்த வாளித் தண்ணியை நடு வாளிக்கு, நடு வாளித் தண்ணியை முதல் வாளிக்குன்னு பின்னால தள்ளிக்கிட்டே வந்து, துணியை முன்னால கொண்டு போனீன்னா, அதே ரெண்டு செம்புலதான், நிக்கது 7 பங்குகூட இல்லை. அம்புட்டுத்தான் எதிரோட்டம். அந்தப் பொம்பளைகளுக்கு யாரும் ப்ராஜெக்ட் மார்க் போடல.

ஆறு ஸ்டேஜ், அதாவது ஆறு வாளி, வேணும்னு பேத்தி கணக்குல வந்திருக்கு. ஒரு ஸ்டேஜுக்கு இம்புட்டு உயரம்னு ஒரு எண்ணை ஆறால பெருக்கி, காலம் இம்புட்டு உயரம்னு முடிச்சுட்டா. அந்த எண்ணு எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டேன். ஏதோ ஒரு ஆய்வுக் கட்டுரையாம். எத்தனை அகலக் குழாயில பாத்தாகளாம்? அஞ்சு சென்டிமீட்டர் கண்ணாடிக் குழாயில. உன் காலம் எத்தனை அகலம்? ஒண்ணரை மீட்டர்.

ஏட்டி, ஒடுக்கமான சந்துல கூட்டம் நேராத்தான் போகும், திரும்ப இடம் கிடையாது. அதே கூட்டத்தை நெல்லையப்பர் கோயில் பிரகாரத்துல விட்டுப் பாரு. ஒருத்தன் முன்னால போவான், ஒருத்தன் செருப்பைத் தேடிப் பின்னால வருவான், ஒருத்தன் பாதியிலயே நின்னுருவான். அகலம் கூடக் கூடக் காலத்துக்குள்ளயும் அப்படித்தான், மேல போக வேண்டியது சுழண்டு கீழ வரும், நீ கஷ்டப்பட்டு உண்டாக்குன எதிரோட்டம் பாதி குழம்பிப் போகும். ஸ்டேஜுக்கு வேண்டிய உயரம் கூடிரும். நிசக் காலத்துக்குள்ள படியும் இல்லை, ஸ்டேஜும் இல்லை. அது கணக்குப்பிள்ளை தன் சௌகரியத்துக்குப் போட்ட கோடு. உள்ள இருக்கது துளி ஒண்ணுதான்.

துளியைப் பத்தி நான் படிச்சது ஒரு மார்கழி ராத்திரி ஷிஃப்ட்ல. சாம்பிள் ரிசல்ட் கொஞ்சம் மட்டமா வந்துச்சு. காலையில இன்சார்ஜ் வந்தா வள்ளுன்னு விழுவாரு. ரோட்டரை லேசா முடுக்கினேன். ஒரு மணி நேரத்துல அடுத்த சாம்பிள் பிரமாதம். ஆகா, சூட்சுமம் பிடிபட்டுதுன்னு இன்னொரு முடுக்கு. அதுவும் நல்லா வந்துச்சு. மூணாவது முடுக்கு முடுக்கிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து சைட் கிளாஸைப் பாக்கேன், எண்ணெய் எது கரைப்பான் எதுன்னு கத்தி வச்சு வெட்டுன மாதிரி நிக்குமே ஒரு கோடு, அதைக் காணோம். கண்ணாடி முழுக்க மோர். மேல எண்ணெயோட கரைப்பான் போகுது, கீழ கரைப்பானோட எண்ணெய் வருது. போர்டுல இருக்க அத்தனை விளக்கும் எரியுது. எல்லாத்தையும் நிறுத்திப் போட்டுட்டு விடிய விடிய அது தெளியக் காத்துக் கிடந்தோம்.

லாக் புக்குல 'லெவல் டிஸ்டர்பன்ஸ்'னு எழுதினேன். 'பேராசை'ன்னு எழுதியிருக்கணும்.

என்ன நடந்துச்சுன்னா, வேகமாச் சுத்தினா துளி சின்னதாகும். துளி சின்னதானா மொத்தத் தோல் பரப்பு கூடும், சரக்கு கை மாறுறது வேகமாகும். அதுவரைக்கும் நல்லதுதான். ஆனா குட்டித் துளி மேல ஏறுற வேகம் அகலத்தோட வர்க்கத்துல குறையும். பாதி அகலத் துளிக்குக் கால் வேகம். பின்னால வாற துளிக வந்துக்கிட்டே இருக்கு, முன்னால போறது நகரல. அப்புறம் வெள்ளம்தான். இன்ஜினியருகளும் அதை 'ஃப்ளடிங்'னுதான் சொல்லுதாக, ஏதோ ஆத்துல தண்ணி வந்த மாதிரி.

பேத்தி தன் காலத்தை அந்த வெள்ள அளவுக்கு 90 சதத்துல ஓட்டுதா. "இடம் வீணாகக் கூடாதுல்ல தாத்தா." சரின்னு சாயங்காலம் ஆறு மணிக்கு ஹௌஸ் காஸ்ல மஞ்சள் லைன் மெட்ரோ ஏத்திக் கூட்டிட்டுப் போனேன். ராஜீவ் சௌக்ல நீல லைனுக்கு மாறுற கூட்டம். கதவு திறந்துச்சு. இறங்குறவன் வெளிய வாறான், ஏறுறவன் உள்ள வாறான், ரெண்டு பேரும் கதவுலயே நிக்கான். இவ பை உள்ள, இவ வெளிய. "இதே கதவு காலை பதினோரு மணிக்கு எப்படி இருந்துச்சு?"ன்னேன். பதில் இல்லை. நாங்க காலத்தை வெள்ள அளவுல பாதிக்கு மேல கொஞ்சத்துல நிறுத்திக்குவோம். மீதி இடம் வீண் இல்லை, இறங்குறவனுக்கு விடுற வழி.

இன்னொண்ணு கேட்டேன், அதுக்கும் முழிச்சா. ரெண்டும் நல்லா உரசக் காலத்துக்குள்ள நிரப்புற பேக்கிங் பிளாஸ்டிக்குன்னு எழுதியிருக்கா, விலை மலிவாம். துளியாப் போறது எது? கரைப்பான். பிளாஸ்டிக் எண்ணெய்க்குச் சொந்தக்காரன், தண்ணிக்கு இல்லை. உன் கரைப்பான் துளி போற வழியில பிளாஸ்டிக்கைக் கண்டதும் மாமன் வீட்டுத் திண்ணை மாதிரி அதுமேல படுத்துப் பரவிரும். துளியே இல்லாத இடத்துல என்னத்த எடுக்க? தாமரை இலையில தண்ணி துளியா நிக்கது இலைக்கும் அதுக்கும் ஆகாதுங்கதால. துளிக்கு ஆகாத சரக்காப் பாத்து உள்ள போடு, பீங்கானோ எவர்சில்வரோ.

ஞாயித்துக்கிழமை ஆர்.கே.புரம் மலை மந்திருக்குப் போனோம். சுவாமிநாதன் கோயில், அப்பனுக்கே பாடம் சொன்ன பிள்ளை. இவளுக்கு ஏத்த சாமி. போற வழியில பிகாஜி காமா பிளேஸ்ல இன்ஜினியர்ஸ் இந்தியா கம்பெனியைக் காட்டினா. 1965-ல ஆரம்பிச்சது, நம்ம தேசத்து ரிஃபைனரிகளுக்கு வடிவம் போட்டுக் குடுக்கிற இடம். படிச்சு முடிச்சு அங்க வேலைக்குப் போகணும்னு ஆசையாம். போ, நல்லா இரு. ஆனா படம் போடுறதுக்கு முந்தி, ராத்திரி ரெண்டு மணிக்கு இது நின்னா யார் ரிப்பேர் பண்ணுவான்னு ஒரு தரம் நினைச்சுப் பாரு. டிராம்பேயில 1964-ல புளூட்டோனியம் பிரிக்கிற ஆலையை நம்ம ஆளுக ஓட்டிக் காட்டினாக. அங்கயும் கரைப்பான் வச்சு உருவுறதுதான். இந்த மாதிரி அணு ஆலைகள்ல உள்ள போய் ரோட்டரை மாத்த முடியாது, கதிர்வீச்சு ஆளைத் தின்னுரும். அதனால காலத்துக்குள்ள சுத்துற சாமான் ஒண்ணுகூட இல்லாம, ஓட்டைத் தட்டுகளை மட்டும் வச்சு, வெளியில இருந்து காத்தை விட்டு விட்டு அமுக்கி உள்ள இருக்க திரவத்தையே ஏத்தி இறக்குதாக, நெஞ்சு மூச்சு வாங்குற மாதிரி. 1935-லயே வான் டைக்னு ஒருத்தர் இந்த யோசனைக்குப் பேட்டன்ட் வாங்கி வச்சாரு. அணு ஆலையில அதை வச்சது எந்தக் காலம் ரொம்ப நல்லா உருவும்னு பாத்து இல்லை. எதை மனுசன் கிட்டப் போகாமலே ஓட்ட முடியும்னு பாத்து வச்சது.

கோயில் படியில உக்காந்திருக்கப்போ அவளாவே ஒரு சேதி சொன்னா. காலையில லேப்ல சுத்தமான அசிட்டிக் அமில பாட்டிலைக் கவுத்தா ஒண்ணும் விழலயாம், கல்லா இருந்துச்சாம். 16.6 டிகிரிக்குக் கீழ அது உறைஞ்சுரும். என் தேங்காய் எண்ணெய் மாதிரிதான். "அப்ப உன் டிசைன் எந்த மாசத்துக்கு?"ன்னேன். பாவம், ஏப்பம் விடப் போனவ பாதியில நிறுத்திட்டா. எல்லாக் கணக்கும் 25 டிகிரிக்குப் போட்டது. டெல்லியில 25 டிகிரி எத்தனை நாளைக்கு நிக்கும்? மே மாசம் 45, ஜனவரியில 5. உன் பத்து சதத் தண்ணி உறையாதுதான், ஆனா குளிர்ல திரவம் தடிக்கும், துளி மெதுவாகும், கரைப்பானுக்கும் தண்ணிக்கும் அமிலத்தைப் பங்கு போடுற கணக்கே கொஞ்சம் மாறும். இங்கனயே குடியிருந்துக்கிட்டு இதை யோசிக்காம இருந்தா எப்படி?

இன்னொரு குறை அவ படத்துல. மேலயும் கீழயும் திரவம் அமைதியாப் பிரிய ஒரு ஜாண் இடம்கூட விடல. ரெண்டும் சந்திக்கிற கோட்டுல துரு, தூசி, பிசின் எல்லாம் சேந்து ஒரு கசட்டு அடுக்கு நிக்கும். நாங்க 'ராக்'குன்னு சொல்லுவோம். நாளாக நாளாகத் தடிக்கும். அதை எடுக்க ஒரு வால்வு வேணும். அது படத்துல இல்லை. "சாஃப்ட்வேர்ல கசடு வரலியே தாத்தா"ங்கா. வராது தாயி. சாஃப்ட்வேருக்கு யாரும் துருப்பிடிச்ச குழாயில சப்ளை குடுக்கலயே.

கிளம்புறதுக்கு முந்தின நாள் மத்தியானம் ரெண்டு சின்னத் தண்ணி பாட்டில் வாங்கினேன். பாதிக்குத் தண்ணி, மேல கொஞ்சம் நல்லெண்ணெய். அதுவும் எத்தில் அசிடேட்டும் கிட்டத்தட்ட ஒரே கனம்தான், தண்ணியைவிடப் பத்துல ஒரு பங்குக்குள்ள லேசு. ஹாஸ்டல் வாசல்ல காவலுக்கு நின்னவரு எங்களையே பாக்காரு. "இருவது தரம் குலுக்கி வச்சுட்டு எண்ணு"ன்னேன். நூறு எண்ணி முடிக்கும்போது எண்ணெய்ல பெரும்பங்கு மேல போய் ஒண்ணு சேந்துருச்சு. ரெண்டாவது பாட்டில்ல அவ ஷாம்பு ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு விடச் சொன்னேன். குலுக்கினா. வெள்ளை வெளேர்னு பால். முன்னூறு எண்ணினா, பால்தான். காளிந்தி குஞ்சுல யமுனை மேல பஞ்சு மெத்தையா நுரை மிதக்கே, அதுக்கும் ஊர்ச் சோப்புத் தண்ணிதான் பெரிய காரணம். துளியோட தோல்ல சோப்பு போய் உக்காந்துக்கிட்டா அதுக ஒண்ணோட ஒண்ணு சேராது. ஃபேக்டரியில இருந்து உனக்கு வாற கழிவுத் தண்ணியில தரை கழுவின சோப்பு இருக்காதுன்னு யார் சத்தியம் பண்ணினா?

சாஃப்ட்வேரைத் திறக்குறதுக்கு முந்தி நிசமான கழிவுத் தண்ணியையும் நிசமான கரைப்பானையும் பாட்டில்ல விட்டுக் குலுக்கிட்டு வாட்சைப் பாருங்க. கால் மணி நேரத்துல பிரியலேன்னா அந்தக் கரைப்பானுக்குக் காலம் போடுற யோசனையை அன்னைக்கே திருப்பிப் பாருங்க. முப்பத்தோரு வருச சம்பளத்துக்கு நான் சேத்து வச்சது இதுதான், இதுக்கு மேல கேட்டா பென்ஷன் புக்கைத்தான் காட்டணும்.

மறுநாள் நிஜாமுதீனுக்கு வழியனுப்ப வந்தா. கோவத்துல இருப்பான்னு நினைச்சேன். திங்கக்கிழமை லேப்ல குலுக்கிப் பாக்க அனுமதி கேட்டு எழுதிக் குடுத்திருக்காளாம், குரூப்ல மத்த மூணு பேரும் இவளைத் திட்டுதாகளாம். வண்டி நகர ஜன்னல் வழியா போனை நீட்டி ஒரு போட்டோ காட்டினா. ஹாஸ்டல் ஜன்னல் திட்டுல ரெண்டு பாட்டில். முதல்ல இருக்கது கண்ணாடியாத் தெளிஞ்சிருச்சு. ரெண்டாவதுல மேல கொஞ்சம் ஆடை கட்டியிருக்கு, கீழ இன்னும் பால்தான்.